ஒலிக்கு உரியவர் – 17: மூலப்பதிவு யார் வீட்டில் இருக்கிறது?

பழைய இசை ஒன்றை மீட்டெடுக்கப் புறப்படும் குழு, வெளியார் யாரிடமும் பணம் வாங்காமல் தானே பதிவு செய்து தானே வெளியிடும் முதல் ஆல்பம் பெரும்பாலும் விற்பதில்லை. ஒலித்தரம் சுமாராக இருக்கும். கடைகளில் கிடைக்காது, கச்சேரி முடிந்து போகிறவர்களை மறித்து, வாசலோரம் மேசை போட்டு விற்க வேண்டியிருக்கும். பிறகு அந்தக் குழு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போய்ப் பெயர் வாங்கிவிட்டால், முதல் ஆல்பத்தை வெள்ளோட்டம் என்று எல்லோரும் ஒதுக்கிவிடுவார்கள். அப்படி ஒதுக்குவது தவறு என்பதே இந்த வாரத்தின் வாதம். மீட்பு இசைக்குழு ஒன்றின் வாழ்நாளில், ‘எங்கள் இசை இன்னது’ என்று அது தன் வாயால் முழுதாகச் சொல்லும் இடம் பெரும்பாலும் அந்த முதல் ஆல்பம்தான். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொருவரும், நல்ல எண்ணத்தோடு வந்தாலும், அதில் ஒரு துண்டை எடுத்து முழுமை என்று விற்பார்கள். துண்டை எடுப்பதில் குற்றமில்லை. முழுசு எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் தீமிதித் திருவிழாவுக்குப் பாரதக் கூத்து ஆடுகிற ஜமாக்களுக்கும், அதாவது கூத்துக் குழுக்களுக்கும், இந்தக் கேள்விதான். அதற்கு வரும் முன் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் யூஜீன் என்ற ஊர் வரை போய்வர வேண்டியிருக்கிறது.

ஸ்விங் என்பது 1930களில் அமெரிக்காவை ஆட்டிவைத்த இசை. பன்னிரண்டு முதல் பதினாறு பேர் வரை உள்ள பெரிய குழு. டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் என்று ஊதுகருவிகள் வரிசை கட்டி நிற்கும். கீழே பியானோ, டிரம்ஸ், டபுள் பேஸ். ஓர் அடியை இரண்டாகப் பிரித்தால் முதல் பாதி கொஞ்சம் நீளும், இரண்டாம் பாதி பிந்தி விழும். அந்தச் சாய்வு கேட்கிறவர் காலைச் சும்மா இருக்க விடாது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1926இல் திறந்த சவாய் நடனக்கூடத்தில் கறுப்பின மக்கள் வளர்த்தெடுத்த ஆட்டமும் இசையும் இது. 1935 ஆகஸ்ட்டில் லாஸ் ஏஞ்சலிஸின் பலோமர் கூடத்தில் பென்னி குட்மன் என்ற வெள்ளைக்கார கிளாரினெட் கலைஞர் வாசித்துக் கூட்டத்தை மயக்கிய பிறகுதான் நாடு முழுக்கப் பரவியது என்று வரலாற்று நூல்கள் எழுதும். யார் பரப்பினார்களோ அவர்கள் பெயரில் தொடக்கத்தைக் குறிப்பது எல்லா ஊரிலும் நடக்கிற காரியம்.

பத்தே ஆண்டில் அது சரிந்தது. இரண்டாம் உலகப் போர் வந்து வாத்தியக்காரர்களைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டது, பெட்ரோல் பங்கீடு ஊர் ஊராகப் போன பேருந்துகளை நிறுத்தியது, கேளிக்கை வரி நடனக்கூடங்களின் கழுத்தைப் பிடித்தது. இசைத்தட்டுகளுக்கு வேண்டிய அரக்கு இந்தியாவிலிருந்து போன சரக்கு. ஜப்பான் கடல் வழிகளை அடைத்ததும் 1942இல் அமெரிக்க அரசு தட்டு நிறுவனங்களின் அரக்குப் பயன்பாட்டை முன்னிருந்ததில் சுமார் 30 விழுக்காடாகக் குறைத்தது. ஆனால் எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது அதே ஆண்டு ஆகஸ்ட் 1இல் தொடங்கிய பதிவு மறுப்புப் போராட்டம். ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில் இருந்த அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம், எங்கள் வாசிப்பைத் தட்டில் பதித்து விற்கிறீர்கள், அந்தத் தட்டை வானொலியும் ஓட்டல்களும் போட்டுக்கொண்டு எங்கள் வேலையையே பறிக்கின்றன, ஒவ்வொரு தட்டுக்கும் சங்க நிதிக்குப் பங்கு வேண்டும் என்று கேட்டது. டெக்கா நிறுவனம் 1943இல் இறங்கி வந்தது, கொலம்பியாவும் ஆர்.சி.ஏ. விக்டரும் 1944 நவம்பர் வரை பிடித்து நின்றன. சங்கம் வென்றது. ஆனால் பாடகர்கள் அந்தச் சங்கத்தின் கட்டுப்பாட்டில் இல்லை. வாத்தியம் இல்லாமல் கோரஸ் குரல்களை மட்டும் வைத்துக்கொண்டு பிராங்க் சினாட்ராவைப் போன்றவர்கள் பாடிப் பதிந்தார்கள். தடை நீங்கியபோது மக்களின் காது பாடகர் பக்கம் திரும்பியிருந்தது.

சங்கத்தின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஸ்விங் குழுத் தலைவர் கவுன்ட் பேசி டெக்கா நிறுவனத்தோடு 1936இல் போட்ட முதல் ஒப்பந்தம் இசையுலகில் இன்றும் பேசப்படுவது: 24 பாட்டுப் பக்கங்களுக்கு மொத்தம் 750 டாலர், ராயல்டி கிடையாது. அமெரிக்க இசையின் தூண்களில் ஒன்றாக மதிக்கப்படும் ‘ஒன் ஓ’கிளாக் ஜம்ப்’ அந்தக் காலத்துப் பதிவுதான். டியூக் எல்லிங்டனின் பல பாடல்களில் அவருடைய மேலாளர் இர்விங் மில்ஸின் பெயரும் ஆக்கியோர் வரிசையில் ஏறியிருக்கும். 1939 வரை அந்த ஏற்பாடு நீடித்தது. ஸ்விங் இசை தன் உச்சத்தில் இருந்தபோதே, அதை வாசித்தவர்களுக்கும் அதன் பதிவுக்கும் இடையே வேறொருவர் நின்றார். சவாயில் லிண்டி ஹாப் ஆட்டத்தில் துணையை வானத்தில் தூக்கிப்போட்டுக் காட்டிய ஃபிராங்கி மேனிங், போருக்குப் பின் முப்பது ஆண்டுகள் தபால் துறையில் வேலை பார்த்தார். 1980களில் இளைஞர்கள் தேடி வந்து கேட்ட பிறகுதான் மறுபடி சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

இனி மீட்பின் கதை. 1980களின் கடைசியில் கலிபோர்னியாவிலும் ஓரிகனிலும் பங்க் ராக், ஸ்கா இசையில் ஊறிய இளைஞர்கள் சிலர் தாத்தா காலத்துத் தட்டுகளைத் தூசி தட்டினார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் ராயல் கிரவுன் ரெவ்யூ, வென்ச்சுராவில் பிக் பேட் வூடூ டாடி, யூஜீனில் செர்ரி பாப்பின் டாடீஸ். கடைசிக் குழுவின் பெயர் ஆபாசமானது, பெண்களை இழிவுபடுத்துவது என்று அந்த ஊர்ப் பெண்ணியக் குழுக்களே எதிர்த்தன. கொஞ்ச காலம் பெயரைச் சுருக்கி வைத்துக்கொண்டு வாசித்தார்கள். எதிர்ப்பு நியாயமானதே. நான் எடுத்துக்கொள்வது அவர்களுடைய பதிவுகளின் வரலாற்றை. 1990இல் ‘ஃபெரோஷியஸ்லி ஸ்டோன்ட்’ என்ற முதல் ஆல்பத்தைச் சப் பார் என்ற தங்கள் சொந்தப் பெயரில் வெளியிட்டார்கள். அதை ஸ்விங் ஆல்பம் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதி ஃபங்க், இடையிடையே ஸ்விங், அதன் மேல் ராக் இசையின் முரட்டுத்தனம். பாடலாசிரியரும் பாடகருமான ஸ்டீவ் பெரிக்கு 1940களின் ஊதுகருவி ஓசை ஒரு கருவி. அமெரிக்கக் குடும்பத்தின் அழுக்கைப் பாட அது ஏற்றதாக இருந்தது. பழமையை அப்படியே நடித்துக் காட்டுவது அவர் நோக்கம் இல்லை. 1994இல் ‘ரேப்பிட் சிட்டி மசில் கார்’, 1996இல் ‘கிட்ஸ் ஆன் தி ஸ்ட்ரீட்’ என்று அடுத்த இரண்டையும் ஸ்பேஸ் ஏஜ் பேச்சலர் பேட் என்ற தங்கள் சொந்த லேபிளிலேயே கொண்டுவந்தார்கள். அவற்றில் கன்ட்ரியும் ஸ்காவும் சைகடெலிக்கும் சேர்ந்துகொண்டன, ஸ்விங் இன்னும் குறைந்தது.

ஆனால் காற்று வேறு பக்கம் அடித்தது. 1996இல் வந்த ‘ஸ்விங்கர்ஸ்’ படத்தில் பிக் பேட் வூடூ டாடி தோன்றியதிலிருந்து கச்சேரிக்கு வந்தவர்கள், முழுக்க ஸ்விங் இருக்கிற ஆல்பம் எது என்று மேசையில் வந்து கேட்டார்கள். யூஜீன் குழுவிடம் அப்படி ஒன்று இல்லை. மூன்று ஆல்பங்களிலிருந்தும் ஸ்விங் பாட்டுகளை மட்டும் பொறுக்கி, புதிதாக நான்கு சேர்த்து, 1997 மார்ச்சில் ‘ஜூட் சூட் ரயட்’ என்ற தொகுப்பைப் போட்டார்கள். மோஜோ ரெக்கார்ட்ஸ் அதை எடுத்து அதே ஆண்டு நாடு முழுக்க மறுவெளியீடு செய்தது. தலைப்புப் பாட்டு வானொலியில் ஏற, தொகுப்பு இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களைக் கடற்படைச் சிப்பாய்கள் உடையை உருவி அடித்த கலவரத்தைப் பற்றிய பாட்டு அது. கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு ஆடியவர்களில் எத்தனை பேர் அதை அறிந்திருப்பார்கள் என்பது சந்தேகமே. 1998இல் கேப் துணி நிறுவனம் லூயி பிரிமாவின் 1956ஆம் ஆண்டுப் பாட்டை வைத்து ஆட்ட விளம்பரம் எடுத்தது. பிரையன் செட்ஸர் அதே பாட்டைப் பாடி கிராமி வாங்கினார். 1999 ஜனவரியில் சூப்பர் பவுல் இடைவேளையில் பிக் பேட் வூடூ டாடி வாசித்தது. அடுத்த ஆண்டே எல்லாம் அடங்கிவிட்டது. டாடீஸ் குழு 2000இல் மறுபடி கலவையான தன் பழைய வழியில் ‘சோல் கேடி’ ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது ஸ்விங் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள், மற்றவர்களுக்கு இது பழைய மோஸ்தர்க் குழு. ஆல்பம் படுத்தது, குழுவும் கலைந்து சில காலம் ஓய்ந்தது.

இங்கே முதல் மறுப்பு எழும். ஸ்விங்கை மட்டும் பிரித்தெடுத்துத் தொகுப்புப் போட்டது அந்தக் குழுவே அல்லவா? நிறுவனம் வந்து கையை முறுக்கவில்லையே? உண்மைதான். அந்தத் தொகுப்பை வியாபாரச் சதி என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த உண்மை என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. மூன்று ஆல்பங்களின் மூலப்பதிவுகளும் அவர்கள் வீட்டில் இருந்ததால்தான் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று அவர்களே முடிவுசெய்ய முடிந்தது. யார் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. சுருக்கம் வெளியான பிறகும் முழுசு அழியவில்லை. 1990இன் முதல் ஆல்பத்தை இன்று கேட்கிற எவரும், இருபது லட்சம் பேர் வாங்கியது எதன் துண்டு என்று சோதித்துப் பார்க்கலாம். 2009இல் அதே குழு தன் பழைய ஸ்கா பாட்டுகளை மட்டும் திரட்டி இன்னொரு தொகுப்பைச் சொந்த லேபிளில் போட்டது, அதாவது அதே களஞ்சியத்திலிருந்து இன்னொரு முகம். கவுன்ட் பேசிக்கு இந்த வசதி இருந்ததில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. பெரிய நிறுவனம் எடுத்துப் போகாவிட்டால் யூஜீனைத் தாண்டி யார் கேட்டிருப்பார்கள்? கேட்காத முழுமையைவிடக் கேட்ட துண்டு மேல் அல்லவா? விநியோகம் என்பது பணமும் ஆளும் வேண்டிய தொழில், மேசை போட்டு இருபது லட்சம் விற்க முடியாது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விநியோகம் செய்கிறவர் உரிமையாளராகவும் இருக்க வேண்டும் என்று எந்த இயற்கை விதியும் இல்லை. நெல்லை லாரியில் ஏற்றிப் போகிறவர் நிலத்துக்குப் பட்டா கேட்பதில்லை. இசைத்துறையில் மட்டும் இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், பதிவுக்கு முன்பணம் கொடுத்தவரே விநியோகமும் செய்தார் என்பது. முதல் பதிவைக் குழு தன் செலவில் முடித்திருந்தால் பேச்சு வேறு இடத்தில் தொடங்கும்.

நம் நாட்டிலும் ஸ்விங் இருந்தது என்பதையும், அதற்கு நேர்ந்ததையும் சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் தெளியும். 1930களின் நடுவில் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலில் கறுப்பின அமெரிக்கர்களின் குழுக்கள் வந்து வாசித்தன. பியானோக் கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு இங்கேயே தங்கி 1945இல் கல்கத்தாவில் காலராவில் இறந்தார். கோவாவின் மாதாகோயில் பள்ளிகளில் மேற்கத்திய இசைக்குறிப்பு படித்த இளைஞர்கள் அந்த இசையைப் பிடித்துக்கொண்டார்கள். மிக்கி கொரியாவின் குழு 1939 முதல் இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் தாஜில் வாசித்தது. ‘இந்தியாவின் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்’ என்று பெயர் வாங்கிய சிக் சாக்லேட், சி. ராமச்சந்திராவின் பாட்டுகளுக்குப் பின்னால் நின்றார். 1951இல் வந்த ‘அல்பேலா’ படத்தின் துள்ளல் அவர் ஊதலில் பிறந்தது. செபாஸ்டியன் டிசோசா, அந்தோணி கோன்சால்வஸ் போன்றவர்கள் இந்தித் திரையிசைக்குப் பல ஆண்டுகள் ஊதுகருவி அடுக்குகளையும் வயலின் அடுக்குகளையும் எழுதிக் கொடுத்தார்கள். தட்டின் மேல் அச்சானது இசையமைப்பாளர் பெயர். அந்தோணியின் பெயர் ஊருக்குத் தெரிந்தது, அவரிடம் வயலின் கற்ற பியாரேலால் 1977இல் ‘அமர் அக்பர் அந்தோணி’ பாட்டில் அதைச் சேர்த்ததால். இரவுதோறும் ஓட்டல்களில் அவர்கள் வாசித்த இசையில் தட்டில் ஏறியது சொற்பம், அதுவும் பெரிய நிறுவனங்களின் கையில். அவர்கள் தங்கள் இசையை என்னவென்று நினைத்தார்கள் என்பதை, நரேஷ் பெர்னாண்டஸ் 2012இல் ‘தாஜ்மகால் ஃபாக்ஸ்டிராட்’ என்று ஒரு நூல் எழுதித் தேடிக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. நம் கோடம்பாக்கத்திலும் எம்.எஸ். விஸ்வநாதனின் உதவியாளர்களான ஜோசப் கிருஷ்ணா, ஹென்றி டேனியல் பெயர்களைத் தீவிர ரசிகர்கள் மட்டுமே சொல்வார்கள்.

கிட்டத்து உதாரணம் கானா. அது செத்துப்போன இசையாக ஒருபோதும் இருந்ததில்லை. வடசென்னையில் சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் தினம் பாடப்பட்டது. ஆனால் 1990களில் தேவாவின் இசையில் திரைக்கு வந்தபோது கேலியும் காதலும் குடியும் முன்னால் வந்தன, இரவெல்லாம் பாடும் மரண கானாவின் கனம் பின்னால் போனது. சினிமாவே உலகமாக இருந்தவர்களுக்கு அந்தத் துண்டே கானா. 2018 ஜனவரி 6இல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு மேடையேறியபோது நடந்தது அந்தக் கணக்கைத் திருத்தும் வேலை. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து திரட்டிய 19 பேர். அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்றவர் என்ற எண்ணத்திலிருந்து எடுத்த பெயர். இட ஒதுக்கீடும் மாட்டுக்கறியும் மலக்குழி மரணமும் பாட்டாயின. தயாரிப்பாளர் ஒருவருடைய படத்துக்குள் இது முழுதாக நுழைந்திருக்காது. அதே மேடையிலிருந்து புறப்பட்ட பாடகர் அறிவு பங்கேற்ற ‘எஞ்சாயி எஞ்சாமி’ 2021 மார்ச்சில் மாஜா தளத்தில் வெளிவந்து உலகம் சுற்றியது. பாட்டு யாருடையது, யார் முகம் முன்னால் இருக்க வேண்டும் என்று அதே ஆண்டு தொடங்கிய சர்ச்சை அடங்கவே இல்லை. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், பாட்டின் வருமானம் எங்களுக்கு வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார், நிறுவனத் தரப்பு வேறு கணக்குச் சொன்னது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல இங்கே இடமில்லை. பிரபலமான கலைஞர்களுக்கே மூலப்பதிவு வேறு கையில் இருந்தால் இந்தப் பாடு என்றால், பிரபலம் இல்லாதவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது மண்ணாடிப்பட்டு. விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள் சூழ, சங்கராபரணி ஆற்றுப் பக்கமாகத் துண்டு துண்டாகக் கிடக்கிற கொம்யூன் இது. எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே பேச்சு, ஒரே சாமி, ஒரே கூத்து. செஞ்சியைச் சுற்றி விரிந்த திரௌபதி அம்மன் வழிபாட்டின் வட்டத்துக்குள் இந்த ஊர்கள் வருகின்றன. பகலில் பாரதம் படிப்பு, இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று பல இரவுகள் ஓடுகிற ஒரே கதை. முகவீணை கூடவே வர, மத்தளமும் ஹார்மோனியமும் தாளமும் பின்பாட்டும் சேர, விடியும் வரை நிற்கிற ஆட்டம். அரசு விழாக்களுக்கும் கல்லூரி நிகழ்ச்சிகளுக்கும் போகும்போது இது அரை மணிக்கும் குறைவாகச் சுருங்குகிறது. வேஷம் கட்ட ஆகிற நேரத்தைவிட ஆடுகிற நேரம் குறைவு. கட்டியக்காரன் நகைச்சுவையும் கிறுக்கி சுற்றுகிற அடவும் மேடைக்கு வரும். நள்ளிரவுக்கு மேல் மெதுவாக இறங்கும் புலம்பல் விருத்தங்கள் வராது. வெளியூர்ப் பார்வையாளருக்கு அந்தத் துண்டே தெருக்கூத்து. ஜமா பிழைக்க அந்த மேடையும் வேண்டும், அதில் ஏறியதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு வாத்தியார் தன் ஜமாவின் ஒரு முழு இரவைத் தன் பொறுப்பில் பதிந்து தன் பெயரில் வெளியிட்டிருந்தால், அந்த அரை மணி எதன் சுருக்கம் என்று காட்ட ஓர் ஆதாரம் இருக்கும்.

கைவினையில் இந்த அறிவு நமக்கு வந்துவிட்டது. திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மைக்கும் வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. வேறு ஊரில் செய்துவிட்டுத் திருக்கனூர் பெயரில் விற்றால் சட்டம் கேட்கும். ஆனால் 1999ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பொருள்களுக்கானது. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும். அதில் நிகழ்த்துநர் யார் என்ற பட்டியலில் நடிகர், பாடகர், ஆட்டக்காரரோடு கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை பெயர் சொல்லியிருக்கிறது, கூத்துக் கலைஞருக்கு அதில் தாராளமாக இடமுண்டு. அவருடைய அனுமதி இல்லாமல் நிகழ்ச்சியைப் பதியக் கூடாது. அந்த உரிமை 50 ஆண்டு நிற்கும். ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை, வெளியான பின் 60 ஆண்டு. அந்த ஒலிப்பதிவின் தயாரிப்பாளர் யார்? பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவர் என்கிறது சட்டம். வாசித்தவர் என்றோ, பாரம்பரியக்காரர் என்றோ சொல்லவில்லை. ஜமா சும்மா இருந்து, வேறொருவர் மைக் வைத்துப் பதிந்து வெளியிட்டால் தயாரிப்பாளர் அவரே. ஜமாவே ஒலிப்பதிவாளருக்குக் கூலி கொடுத்துப் பதிய வைத்தால் தயாரிப்பாளர் ஜமா. 1990இல் யூஜீனில் நடந்ததும் இந்த இரண்டாம் வகை.

இதற்குக் கூத்து உலகத்துக்குள்ளிருந்தே ஒரு மறுப்பு வரும்: பாரதக் கூத்து தலைமுறைகளின் சொத்து, ஒரு ஜமா அதைத் தன்னுடையது என்று எப்படிப் பூட்டிவைக்கலாம்? ஸ்விங் மீட்பின் மேலும் இதே குற்றச்சாட்டு விழுந்தது, அங்கே இன்னும் கூர்மையாக. கறுப்பினத்தவர் உண்டாக்கியதை வெள்ளைக்கார இளைஞர்கள் பதிந்து உரிமை கொண்டாடினார்கள்; கவுன்ட் பேசிக்குக் கிடைக்காத மூலப்பதிவு அவர்களுக்குக் கிடைத்தது. இந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது, சொந்த வெளியீடு அதைக் கழுவிவிடாது. ஆனால் இதிலிருந்து வரும் முடிவு, பதிவுரிமை யாருக்கும் வேண்டாம் என்பதாக இருக்க முடியாது. பரம்பரையாக அதை வைத்திருப்பவர்களே முந்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் முடிவு. பாட்டு பொதுவில் இருக்கும். பதினெட்டாம் போரை எந்த ஜமாவும் ஆடலாம், எவரும் தடுக்க முடியாது. உரிமை அந்த ஓர் இரவின் அந்த ஓர் ஆட்டத்தின் ஓசைக்கு மட்டுமே. பொதுச்சொத்து என்ற பெயரால் ஜமா ஒதுங்கி நின்றால் அந்த ஓசை பொதுவுக்குப் போகாது, மைக் வைத்திருந்தவருக்குப் போகும்.

செல்போனும் யூடியூபும் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. திருவிழாவை நேரலையில் ஒளிபரப்புகிறார்கள், ஊரைவிட்டு வேலைக்குப் போனவர்கள் பார்க்கிறார்கள், ஜமாவுக்கு அடுத்த ஊரிலிருந்து அழைப்பு வருகிறது, இதைவிட விளம்பரம் என்ன வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. அழைப்பு வருவது நல்லதே. ஆனால் அந்த ஒளிப்பதிவு இருக்கும் சேனல் வேறொருவருடையது. அவர் மனம் மாறினாலும் கணக்கு முடங்கினாலும் இரவு முழுவதும் போய்விடும். ஒலிபெருக்கிக் கூம்பிலிருந்து வந்த இரைச்சலைப் போன் பிடித்ததில் முகவீணை காதில் விழாது. வருமானம் வந்தால், பெரிதோ சிறிதோ, சேனல்காரருக்கு வரும். நேரலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது டாடீஸ் குழுவின் தொகுப்பைப் போல வெளியே இழுத்துவரும் துண்டாக இருக்கட்டும். பக்கத்தில் ஜமாவின் சொந்தப் பதிவு ஒன்று, ஹார்மோனியம் ஒரு மைக்கில், மத்தளம் ஒரு மைக்கில், பின்பாட்டு ஒரு மைக்கில் என்று பிரித்தெடுத்து, வாத்தியார் வீட்டு அலமாரியில் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றும் உறவினர் வீட்டில் இன்னொன்றுமாக இருக்க வேண்டும். புதுச்சேரி அரசின் கலைத்துறையும் தமிழ்நாட்டின் இயல் இசை நாடக மன்றமும் எல்லைக் கோட்டுக்கு இரு பக்கமும் தனித்தனியாக இயங்குவதால், இரண்டு பக்கமும் ஆடுகிற ஜமாவின் முழு இருப்பை அரசுக் களஞ்சியம் திரட்டும் என்று காத்திருப்பதிலும் பொருளில்லை.

செலவு என்ற கடைசித் தடை மிச்சம். ஊர் விழாக்குழுவே பதிவுச் செலவை ஏற்கலாம். தீமிதிக்கு வரும் வாணவேடிக்கைச் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அப்போது முன்முயற்சியும் பொறுப்பும் விழாக்குழுவுடையது என்று ஆகிவிடும் ஆபத்தும் கூடவே வருகிறது. பணம் நன்கொடை, பதிவு ஜமாவினுடையது, ஊர்க் கோயிலில் ஒலிபரப்பும் உரிமை விழாக்குழுவுக்கு என்று ஒரு தாளில் முன்கூட்டி எழுதிக் கையெழுத்து வாங்கினால் இரு தரப்புக்கும் வம்பில்லை. அந்தத் தாளில் வாத்தியார் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதுமா, மத்தளக்காரருக்கும் பின்பாட்டுக்காரருக்கும் தனிப் பங்கு உண்டா என்ற சிக்கல் உடனே வரும். பேசிக்கும் எல்லிங்டனுக்கும் நேர்ந்ததை ஜமாவுக்குள்ளேயே வாத்தியார் மற்றவர்களுக்குச் செய்துவிட முடியும். அதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)